பழைய பென்ஸ் லாரியை ஓட்டியவர்களுக்கு அதன்மேல் ஏன் இவ்வளவு பாசம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் தந்தையார் இருபது ஆண்டுகளுக்கு மேல் பழைய டாடா லாரி ஓட்டியவர். அந்தக் காலத்து வெக்கையையும் தூக்கமின்மையையும் முழங்கால் வலியையும் அவரே வாய் ஓயாமல் குறை சொல்கிறார். ஆனால் உறவினர் ஒருவர் அண்மையில் வாங்கிய புதிய லாரியில் அவரை ஏற்றி உட்காரவைத்தபோது, ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்து, “என்ன இருந்தாலும் நம்ம வண்டி மாதிரி வராது” என்றிருக்கிறார். உடம்பை உருக்கிய வண்டியின்மேல் ஒருவருக்கு இந்த அளவு பாசம் எப்படி வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 1978-இல் சங்ககிரியில் கிளீனராக வண்டி ஏறியவன். பிறகு ஓட்டுநரானேன். 1979-ஆம் ஆண்டு மாடல் டாடா 1210 ஒன்றை 1986-இல் பழையதாக வாங்கி, 2003 வரை வைத்திருந்து விற்றேன். ஆகவே உங்கள் தந்தையாரின் கட்சியைச் சேர்ந்தவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். புதிய வண்டிகளே எல்லா வகையிலும் மேலானவை என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனாலும் பழைய லாரியில் ஓட்டுநரின் கைக்கும் காதுக்கும் எட்டாத பாகம் என்று ஒன்றுகூட இருந்ததில்லை. வண்டிக்கு என்ன நோவு என்று அவரே கண்டுபிடித்தார். பாதி நோவுகளுக்கு அவரே மருந்தும் போட்டார். பாசத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

முதலில் பெயர். உங்கள் தந்தையார் தம் வண்டியை ‘டாடா’ என்று சொல்லியிருப்பதைவிட ‘பென்ஸ்’ என்று சொல்லியிருப்பதே அதிகமாக இருக்கும். டாடாவின் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் 1954-இல் செய்துகொண்ட 15 ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஜம்ஷெட்பூரில் லாரிகளைத் தயாரித்தது. 1969-இல் அந்த ஒப்பந்தம் முடியும்வரை வண்டியின் முகத்தில் மூன்று முனை நட்சத்திரம் இருந்தது. அதன் பிறகு அந்த இடத்துக்கு ‘டி’ என்ற ஆங்கில எழுத்து வந்தது. நட்சத்திரம் போய் இருபது ஆண்டுகள் ஆன பிறகும் எங்கள் பக்கத்தில் பேச்சு மாறவில்லை. பென்ஸ், லேலண்ட் என்று இரண்டே இனம்தான். ஃபார்கோ, டாட்ஜ், பெட்ஃபோர்டு எல்லாம் நான் வேலைக்கு வந்தபோதே அருகிவிட்டன. 1210 என்ற எண்ணுக்கும் பொருள் உண்டு: சரக்கோடு சேர்த்து மொத்த எடை 12 டன், எஞ்சினின் சக்தி ஏறக்குறைய 100 குதிரைத்திறன். உள்ளே இருந்த எஞ்சினை 692 என்போம். 6 சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டமும் 92 மில்லிமீட்டர். பிறகு வந்த 697-க்கும் இதே கணக்குத்தான். இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர், ஆறாம் வகுப்பைத் தாண்டாத ஒரு பட்டறை மேஸ்திரி.

லேலண்ட்காரர்களோடு எங்களுக்கு இருந்த வாய்ச்சண்டையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சென்னை எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய ஆலையின் காமெட் வண்டி அவர்களுடையது. தங்கள் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், அழுத்தமானது, எவ்வளவு பாரம் என்று அது கேட்காது என்பார்கள் அவர்கள். வடக்கே எந்த மூலையில் நின்றாலும் பென்ஸுக்குப் பாகம் கிடைக்கும், உங்களுக்கு மெட்ராஸிலிருந்துதான் வரவேண்டும் என்போம் நாங்கள். இரண்டுமே பெரும்பாலும் உண்மை. நான் ஓட்டிய பழைய காமெட்டின் கியர்பெட்டி மட்டும் என்னைப் பல மாதங்கள் அழவைத்தது. கிளட்ச்சை ஒருமுறை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, எஞ்சினின் வேகம் சரியான சுருதிக்கு வந்ததும் மறுபடி மிதித்து அடுத்த கியரைப் போட வேண்டும். இதற்கு டபுள் கிளட்ச் என்று பெயர். சுருதி தவறினால் பல்லோடு பல் அரைபடும் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூத்த ஓட்டுநர் திரும்பிப் பார்க்காமலே தலையில் ஒரு குட்டு வைப்பார். சுருதி பிடிபட்ட பிறகு கிளட்ச் இல்லாமலே கியரை வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறக்க முடிந்தது. அன்று அடைந்த மகிழ்ச்சியைப் பிறகு லைசென்ஸ் வாங்கிய அன்றுகூட நான் அடையவில்லை.

அன்று லாரி என்பது முழுதாகக் கடையில் வாங்கும் பொருளாகவும் இருக்கவில்லை. ஆலையிலிருந்து வந்தது வெறும் சேஸிஸ்; எஞ்சின், முகப்புத் தகடு, ஸ்டீயரிங், சக்கரங்கள், அவ்வளவே. கூரையோ கதவோ கிடையாது. ஜம்ஷெட்பூரிலிருந்து நாமக்கல்லுக்கு ஏறக்குறைய 1,900 கி.மீ. தூரம் அதை ஓட்டிக்கொண்டு வருவதற்கென்றே சேஸிஸ் டிரைவர்கள் இருந்தார்கள். ஒரு பலகைப் பெட்டியைக் கயிற்றால் கட்டி அதன்மேல் உட்கார்ந்து, குரங்குக் குல்லாவும் காற்றுக் கண்ணாடியுமாக, மழையையும் புழுதியையும் முகத்தில் வாங்கிக்கொண்டு அவர்கள் வந்து சேர்ந்தபோது கண்ணாடி இருந்த இடம் மட்டும்தான் மனித நிறத்தில் இருக்கும். அதன் பிறகு நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்துப் பட்டறைகளில் தச்சரும் கொல்லரும் பெயிண்டரும் சேர்ந்து கேபினையும் பாடியையும் கட்டினார்கள். உரிமையாளர் தினமும் பட்டறைக்குப் போய் நிற்பார். படுக்கைப் பலகை எவ்வளவு நீளம், டூல்ஸ் பெட்டி எந்தப் பக்கம், சாமி படத்துக்கு மாடம் எங்கே, நெற்றியில் எழுதுவது குலதெய்வத்தின் பெயரா மூத்த மகளின் பெயரா என்று ஒவ்வொன்றுக்கும் அவரைக் கேட்டே வேலை நடந்தது. எனவே ஒரு லாரியைப் போல இன்னொரு லாரி இருக்கவில்லை. இருட்டில் ஐம்பது வண்டிகள் வரிசையாக நிற்கும் ஷெட்டில், கதவுப் பிடியைத் தொட்டுப் பார்த்தே தன் வண்டி எது என்று சொல்லிவிடலாம்.

கிளீனராக எனக்குக் கிடைத்த முதல் பாடம் டயரில் தொடங்கியது. டீக்குடிக்க எங்கே வண்டி நின்றாலும், ஓட்டுநர் இறங்கி முகம் கழுவுவதற்குள் நான் லீவர் கம்பியை எடுத்துக்கொண்டு ஆறு டயரையும் ஒரு தட்டுத் தட்டிவிட வேண்டும். பின்னச்சில் பக்கத்துக்கு இரண்டு டயர் என்பதால், உள் டயரில் காற்று இறங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. வெளி டயர் இரண்டு டயரின் பாரத்தையும் ஒற்றையாகச் சுமந்து, சூடேறி, இருபது முப்பது மைல் போனதும் வெடிக்கும். “டிங்குனு கேட்டாச் செரி. தொப்புனு கேட்டா என்னையக் கூப்புடு” என்பது என் முதல் ஓட்டுநர் எனக்குச் சொன்ன முழுப் பாடம். கம்பியை எந்த அளவு ஓங்க வேண்டும், டயரின் எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. கிருஷ்ணகிரிக்கு அருகே ஓர் இரவில், குளிருக்குச் சோம்பி உள் டயர்களை விட்டுவிட்டு நான் ஏறிக்கொண்டதும், அடுத்த ஒரு மணி நேரத்தில் இரண்டு டயரும் கிழிந்து தொங்கியதும், ரோட்டோரத்தில் ஜாக்கி வைத்தபடி விடிந்ததும்தான் மீதிப் பாடம்.

டயருக்குப் பிறகு ஹப், அதாவது சக்கரத்தின் நடுக்குடம். புறங்கையால் தொட வேண்டும். உள்ளங்கை காய்த்துப்போயிருப்பதால் சூட்டின் அளவு அதற்குச் சரியாகத் தெரியாது. நான்கு மூலையில் மூன்று இதமாகவும் ஒன்று மட்டும் சுடுவதாகவும் இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங்கில் கிரீஸ் வற்றிவிட்டது என்று பொருள். அதன் பிறகு மூக்கு. கிளட்ச் பிளேட் காய்ந்தால் ஒரு வாடை, பிரேக் லைனிங் காய்ந்தால் ஒரு வாடை, வயர் காய்ந்தால் ஒரு வாடை. கண்ணுக்கும் வேலை இருந்தது. கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது அல்லது டீசல் மிகுதியாக இறங்குகிறது. நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது, மேஸ்திரியிடம் போகும் நாள் நெருங்கிவிட்டது. டேஷ்போர்டில் இருந்த மீட்டர்களில் பாதி வேலை செய்யாது. வேலை செய்தவற்றை யாரும் நம்பவும் மாட்டார்கள். டீசல் எவ்வளவு இருக்கிறது என்பதை டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்துத்தான் சொல்வோம். ஓட்டுநரும் கிளீனருமே அந்த வண்டியின் மீட்டர்கள்.

மலைப்பாதையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் நிறையாது. தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம் இருக்கிறது. இன்றும் விபத்துகளுக்குப் பேர்போன இடம். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டு இறங்கியவர்கள் உண்டு. அப்போது எஞ்சினின் பிடி வண்டிக்கு இல்லாமல் போய், பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழுந்து, லைனிங் காய்ந்து, கடைசியில் பெடல் வெறும் பஞ்சுபோல் அமுங்கும். “ஏறுன கியர்லதான் எறங்கோணும்” என்று என் ஓட்டுநர் கணவாயின் தலைப்பில் ஒவ்வொரு முறையும் சொல்வார். நான் சொந்த வண்டி வாங்கிய பிறகு என் கிளீனருக்கு அதையே நானும் ஒவ்வொரு முறையும் சொன்னேன். இரண்டாவது கியரில் எஞ்சின் முனகிக்கொண்டே வண்டியை இழுத்துப் பிடித்தபடி இறங்கும் அந்த ஓசை, கேட்காதவர்களுக்கு இரைச்சல். எங்களுக்கு அது வீட்டுக்குப் போய்ச் சேருவோம் என்ற உறுதி.

ஏற்றத்தில் கதை வேறு. சத்தியமங்கலத்திலிருந்து மைசூர்ப் பக்கம் போகத் திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பாரத்தோடு முதல் கியரில் வண்டி நடக்கும். நடக்கும் என்பது மிகையில்லை, கிளீனர் உண்மையாகவே கூடவே நடந்து வருவான். அவன் கையில் முக்கோணமாகச் செதுக்கிய ஒரு மரக்கட்டை, அதில் ஆணியடித்துக் கட்டிய ஒரு முழக் கயிறு. வளைவில் ஒரே வெட்டில் திரும்ப முடியாமல் வண்டி நிற்கும் நொடியில் பின்சக்கரத்துக்கு அடியில் அந்தக் கட்டையைச் செருக வேண்டும். செருகியதும் வண்டி அரையடி பின்வாங்கிக் கட்டையின்மேல் உட்காரும். மரம் ஒருமுறை கிறீச்சிடும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, எஞ்சினை முடுக்கி, வண்டி முன்னே எழும்பும்போது கயிற்றைச் சுண்டிக் கட்டையை இழுத்துக்கொள்ள வேண்டும். கயிறு இருப்பதே கையைச் சக்கரத்துக்கு அருகே கொண்டுபோகாமல் இருக்கத்தான். ஓட்டுநர் கண்ணில் நான் படமாட்டேன், என் கண்ணில் அவர் முகம் படாது; கண்ணாடிக்கு வெளியே நீட்டிய ஒரு கையும் “கட்டை! கட்டை!” என்ற ஒரு குரலும்தான் எங்களுக்கிடையே இருந்தன. ஒரு வளைவில் நான் அசந்திருந்தால் இரண்டு உயிரும் பள்ளத்தில் போயிருக்கும். அவர் என்னை அடித்த அடிகளையெல்லாம் மறந்துவிட்டேன். மலை உச்சியில் வண்டியை நிறுத்தி, தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்ததை மறக்கவில்லை.

1986-இல் வண்டி வாங்கிய கதை எங்கள் பகுதியில் ஆயிரம் பேருக்குப் பொதுவானது. ஓட்டுநராகச் சேர்த்த பணம் கொஞ்சம், மனைவியின் நகையை அடகு வைத்தது கொஞ்சம், மீதி பைனான்ஸ். ஆர்.சி. புத்தகத்தில் என் பெயருக்குக் கீழே பைனான்ஸ்காரரின் பெயரும் ஹெச்.பி. (தவணைக் கடன்) என்று ஏறியிருக்கும். மாதம் பிறந்தால் டியூ. லோடு கிடைக்காத மாதத்திலும் டியூ உண்டு. கடைசி டியூ கட்டி, அந்த ஹெச்.பி. பதிவை ரத்து செய்த முத்திரையோடு புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்த நாளில், வீட்டில் பொங்கல் வைத்தோம். பிறருடைய வண்டியில் கிளீனராக டயர் தட்டியவன் மூன்றெழுத்துப் பதிவெண் எழுதிய ஒரு வண்டிக்கு முழுச் சொந்தக்காரன் ஆனான். உங்கள் தந்தையார் “நம்ம வண்டி” என்று சொன்னதில் உள்ள ‘நம்ம’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அவர் சொந்தமாக வைத்திருந்தாரோ, சம்பளத்துக்கு ஓட்டினாரோ, நீங்கள் எழுதவில்லை. சம்பளத்துக்கு ஓட்டியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

என் வழக்கமான லோடு சேலத்து ஜவ்வரிசி. நமக்குப் பாயசத்துக்கு மட்டும் வேண்டியது, மகாராஷ்டிரத்தில் விரத நாள்களின் உணவு; அதனால் நாக்பூர்ப் பக்கம் அதற்கு எப்போதும் கிராக்கி உண்டு. 90 கிலோ மூட்டை 100 ஏற்றுவேன், 9 டன். 12 டன் மொத்த எடைக்கென்று செய்த வண்டியில் அது கூடுதல் பாரம்தான். எல்லோரும் ஏற்றினார்கள் என்பது அதற்கு நியாயம் ஆகாது. ஜவ்வரிசியில் தண்ணீர் பட்டால் மூட்டை பசையாகிவிடும் என்பதால் தார்ப்பாய் கட்டுவது ஒரு கலையாக இருந்தது. நடுவில் உயரமும் ஓரத்தில் சரிவுமாக மூட்டையை அடுக்கி, கீழே ஒரு பழைய தார்ப்பாய், மேலே ஒரு நல்ல தார்ப்பாய் போட்டு, முன்முனையின் மடிப்பைக் காற்று உள்ளே போகாதபடி கேபினுக்கு அடியில் செருகி, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்ட வேண்டும். கடைசி முடிச்சைப் போடும்போது கிளீனரும் நானும் ஒரே கயிற்றில் தொங்குவோம். கட்டி முடித்த லோடின்மேல் விரலால் சுண்டினால் கயிறு வீணைத் தந்திபோல் அதிர வேண்டும்.

வழி, அன்றைய 7-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை 2,369 கி.மீ. ஓடிய அந்தச் சாலையின் பெரும்பகுதி இன்று 44-ஆம் எண்ணுக்குள் அடங்கிவிட்டது. சேலத்திலிருந்து பெங்களூர், ஐதராபாத் வழியாக நாக்பூர் ஏறக்குறைய 1,270 கி.மீ.; இன்று இரண்டு நாளில் போய்விடுகிறார்கள், எங்களுக்கு நான்கு நாள் ஆகும். லிட்டருக்கு நான்கு கி.மீ. கிடைத்தால் நல்ல கை என்பார்கள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் அரிசியும் டூல்ஸ் பெட்டிக்குள் ஸ்பேனர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும். மரத்தடி கண்ட இடத்தில் சோறு பொங்கும். திரும்பும்போது ஹிங்கன்காட், பாண்டர்கவடா பக்கத்திலிருந்து கோவை மில்களுக்குப் பருத்திப் பொதி. பொதி ஏற்றிய வண்டிக்கு அருகே ஸ்டவ் பற்றவைக்கக் கூடாது; ஒரு பீடிப் பொறி போதும், மூன்று நாள் கழித்தும் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். அதனால் திரும்பும் பயணம் முழுவதும் ரொட்டிதான். அதில் எனக்கு இன்றுவரை மனக்குறை உண்டு.

ஒருமுறை நிர்மலைத் தாண்டி அடிலாபாத் காட்டில், விடிவதற்குச் சற்று முன், ஏற்றத்தில் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. குச்சி விட்டுப் பார்த்தோம், டீசல் இருந்தது. அப்படியென்றால் டீசல் லைனில் காற்று புகுந்திருக்கிறது. கிளீனர் டார்ச்சைப் பிடிக்க, ஃபில்டரின் தலையில் உள்ள காற்றுப்போக்கித் திருகாணியைத் தளர்த்திவிட்டு, கைப்பம்பைக் கட்டைவிரலால் அழுத்தத் தொடங்கினேன். முதலில் சோப்பு நுரைபோல் நுரை வந்தது. அழுத்த அழுத்தக் குமிழிகள் பெரிதாகி, குறைந்து, கடைசியில் டீசல் மட்டும் தெளிவாக வழிந்தது. திருகாணியை முடுக்கினேன். வண்டி கிளம்பி, ஒரு மைல் போய் மறுபடி நின்றது. இரண்டாம் முறை நிதானமாகத் தடவிப் பார்த்தபோது ஓர் இணைப்பில் செப்பு வாஷர் தேய்ந்திருப்பது விரலுக்குத் தட்டுப்பட்டது. மாற்று வாஷர் கையில் இல்லை. சாக்கு தைக்கும் நூலை எடுத்து, குளிக்கும் சோப்பைக் குழைத்து அதில் தடவி, வாஷர் இடத்தில் நான்கு சுற்றுச் சுற்றி நட்டை முடுக்கினேன். நாக்பூர் வரை ஒரு குமிழிகூட வரவில்லை. சரக்கை இறக்கிய பிறகு கடைக்காரர் வாஷருக்குக் கேட்ட விலை ஒரு டீயின் விலைதான். அந்த நூலைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த எஞ்சின் வேலை வரை அப்படியே விட்டுவைத்திருந்தேன்.

இவ்வளவும் சொன்னதால் அந்தக் காலம் பொற்காலம் என்று எண்ணிவிடாதீர்கள். எஞ்சினின் பாதி கேபினுக்குள்ளேயே இருந்தது. அதன் மூடியின் சூட்டில் என் இடதுகாலின் மயிர் முழுவதும் உதிர்ந்து, பிறகு முளைக்கவே இல்லை. பவர் ஸ்டீயரிங் கிடையாது. நின்ற இடத்தில் வண்டியைத் திருப்பினால் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருக்கும். நகர எல்லைதோறும் ஆக்ட்ராய் நாக்கா என்ற நுழைவு வரிச் சாவடி, மாநில எல்லைதோறும் செக்போஸ்ட்; 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து செக்போஸ்டுகளில் பெரும்பாலானவை மூடப்படும்வரை, ஓடிய நேரத்துக்கு இணையாக வரிசையில் நின்ற நேரமும் இருந்தது. தூக்கம் தாங்காமல் லைசென்ஸ் இல்லாத கிளீனரிடம் ஸ்டீயரிங்கைக் கொடுத்த இரவுகள் எனக்கும் உண்டு. என் மூத்த மகன் பிறந்து பதினோராம் நாள்தான் அவன் முகத்தைப் பார்த்தேன். என்னோடு கிளீனராக இருந்தவர்களில் இரண்டு பேர் இன்று இல்லை. இருவரும் போனது சாலையில்.

1991-இல் என் வண்டிக்கு 12 வயது ஆனது. இரண்டு அச்சு லாரிக்கு 12 வயதுக்கு மேல் நேஷனல் பெர்மிட் கிடையாது என்பது 1989-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளில் உள்ள கட்டுப்பாடு. பழைய லாரிகளின் வாழ்க்கையை அது இரண்டாகப் பிரித்தது: முதல் பாதியில் நாடு முழுவதும் ஓட்டம், மறுபாதியில் உள்ளூர் ஓட்டம். நானும் செங்கல், சிமெண்ட், வைக்கோல் என்று உள்ளூர் லோடுக்கு வந்தேன். வருமானம் குறைந்தது, ஆனால் வண்டியோடு எனக்கு உண்மையான நெருக்கம் ஏற்பட்டது அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான். தினமும் இரவு வீட்டு வாசலில் வந்து நிற்கும். பேட்டரி பலவீனமாகிவிட்டதால், காலையில் உருட்டி ஸ்டார்ட் செய்ய வசதியாகத் தெருவின் மேட்டில் முகத்தைச் சரிவுப் பக்கம் வைத்துத்தான் நிறுத்துவேன். பிள்ளைகள் அதன் நிழலில் விளையாடினார்கள். ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குக் காட்டுவதற்கு முன் பெயிண்ட் அடித்து, ஸ்பிரிங் பட்டைக்கு எண்ணெய் விட்டு நிறுத்தினால் கல்யாண வீட்டுக் கிழவிபோல் இருக்கும். ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைத்து, நான்கு எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரத்தை ஏற்றி எடுக்கும்போது மட்டும் என் மனைவிதான் முன்னிருக்கையில் உட்காருவாள். அடகு வைத்த நகை அவளுடையது.

இப்போது உங்கள் உறவினரின் புதிய வண்டிக்கு வருவோம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கியது என்றால் அது பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டி. டீசல் எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. புகைக்குழாயில் யூரியா கரைசல் தெளிக்கப்படுகிறது; அந்தக் கரைசல் தீர்ந்தால் எஞ்சினின் சக்தி தானாகக் குறைகிறது. கோளாறு வந்தால் ஒரு விளக்கு எரிகிறது. என்ன கோளாறு என்பதை லேப்டாப் கொண்டுவரும் ஒருவர்தான் சொல்ல முடியும். 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரக, நடுத்தர லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று விதியே வந்துவிட்டது. என் இடதுகாலை நினைத்துப் பார்க்கும்போது இந்த விதி முப்பது ஆண்டுகள் தாமதம் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தக் கேபினில் உட்கார்ந்த உங்கள் தந்தையாரின் நிலையை எண்ணிப் பாருங்கள். கண்ணாடி ஏற்றப்பட்டிருக்கிறது, எஞ்சின் ஓடுகிறதா என்பதே காதுக்குச் சரியாகத் தெரியவில்லை. தட்டிப் பார்க்கவும் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் அங்கே அவருக்கு ஒன்றும் இல்லை. இருபது ஆண்டுகளில் அவர் உடம்பு கற்ற கல்வியை அந்த வண்டி கேட்கவே இல்லை. ஐந்து நிமிடத்தில் இறங்கியதில் வியப்பில்லை.

2003-இல் என் வண்டியை ஒரு செங்கல் சூளைக்காரர் வாங்கினார். அவரோடு வந்த மேஸ்திரி பானெட்டைத் திறக்காமலே முன்னால் நின்று இரண்டு நிமிடம் எஞ்சினைக் கேட்டார். பிறகு நான்காவது சிலிண்டர் இருக்கும் இடத்தை நோக்கி முகவாயை லேசாக அசைத்தார்; அங்கே டீசல் தெளிக்கும் நாசில் சரியில்லை என்பது எனக்கு ஒரு மாதமாகத் தெரியும். விலையில் கொஞ்சம் குறைத்தேன். பேரம் முடிந்து முன்பணம் கைக்கு வந்த பிறகு, யாரும் கேட்காமலே அவர்களுடைய ஓட்டுநரைத் தனியே அழைத்து, “எறக்கத்துல மூணாவது கியர் நழுவுமுங்க, ஒரு கையை அதுமேலயே வெச்சுக்குங்க” என்று சொன்னேன். அவர் வண்டியைச் சரிவில் உருட்டிக் கிளப்பிக்கொண்டு போனார். தெருமுனையில் அவர் கியர் மாற்றியது சரியாக இருந்தது.

உங்கள் தந்தையாரிடம் பொதுவாக ‘அந்தக் காலம் எப்படி இருந்தது’ என்று கேட்டால் வெயிலைத்தான் சொல்வார். தொப்பூரை எந்தக் கியரில் இறங்குவீர்கள், காற்று வாங்கிய வண்டியை எப்படிக் கிளப்புவீர்கள், தார்ப்பாயின் முன்முனையை எங்கே செருகுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை முழுதாக ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.